ஐந்து, ஒரு ஜோடி, ஏழு

போன வியாழக்கிழமை மாலை கடைக்கு ஒரு பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயதிருக்கும். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, அதனால் பையன்தான். பம்பாய் மாட்டுங்காவில் இருக்கும் என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காள் மகன். பங்குச் சந்தையில் ஏதோ செய்கிறான். என்ன செய்கிறான் என்று மூன்று முறை விளக்கியிருக்கிறான். மூன்று முறையும் தலையாட்டியிருக்கிறேன்.

என் கடையைக் கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். போரா பஜார் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் நான்கடிக்கு ஆறடி இடம். நிமிர்ந்து நின்றால் படி தலையில் இடிக்கும். மேலே யாராவது ஏறினால் மேசையில் தூசி விழும், அதனால் கழற்றிய கடிகாரங்களின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருப்பேன். என் மாமா எனக்கு விட்டுப்போனது இந்த இடமும், இரண்டு சாமணங்களும், முன்கோபமும்.

பையன் தோல் பெட்டி ஒன்றைத் திறந்து மேசைமேல் வைத்தான். ரோஸ் கோல்டு கேஸ், வெள்ளை டயல், இடது பக்கத்தில் ஒரு நெம்பு. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது: மினிட் ரிபீட்டர், நெம்பைத் தள்ளினால் நேரத்தை அடித்துச் சொல்லும் கடிகாரம். விலையை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சயானில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"சித்தப்பா, கேளுங்கள்" என்று நெம்பைத் தள்ளினான்.

கேட்டேன். நல்ல ஒலி. எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. இது எத்தனை டெசிபல் என்று கைப்பேசியில் அளந்து வைத்திருப்பதைக் காட்டினான். ரோஸ் கோல்டில் ஒலி இதமாக வரும், பிளாட்டினம் என்றால் மங்கிவிடும், டைட்டானியத்தில் கணீரென்று கேட்கும் என்றெல்லாம் சொன்னான். எல்லாம் சரிதான், மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

"சரி, இப்போது மணி என்ன?" என்று கேட்டேன்.

டயலைப் பார்த்தான்.

"பார்க்காமல் சொல்."

சிரித்தான். வாங்கி நான்கு மாதமாகிறதாம். அந்தக் கடிகாரம் என்ன சொல்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அடிக்கிறது என்பது தெரியும், அழகாக அடிக்கிறது என்பதும் தெரியும். மூன்று விதமான அடிகள் இருப்பதை அவன் கவனித்திருந்தான். அவை எதைக் குறிக்கின்றன என்று விற்றவர் சொன்னாராம், மறந்துவிட்டதாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா நினைவுதான் வந்தது.

அப்பா தந்திக்காரர். அம்பாசமுத்திரத்திலிருந்து 1962இல் பம்பாய் வந்து, ஃப்ளோரா ஃபவுண்டனில் இருந்த மத்தியத் தந்தி அலுவலகத்தில் சேர்ந்தார். தந்தி தட்டும் மோர்ஸ் சாவியில் தொடங்கி டெலிபிரின்டர் வரை பார்த்தவர். சாவிச் சத்தத்தைக் கேட்டு எழுத்தை எழுதிக்கொண்டே பக்கத்து மேசைக்காரருடன் பேசுவாராம். அது பெருமைப் பேச்சு என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். பின்னாளில் வேறு சில தந்திக்காரர்களும் அதையே சொன்னார்கள்.

ஓய்வு பெற்று ஆறு வருடத்தில் கிளாக்கோமா அவர் பார்வையை எடுத்துக்கொண்டது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போயிற்று. 2004 வாக்கில் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம் "மணி என்ன?" என்பதுதான். ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்பார். அம்மா முதல் பத்து முறை பதில் சொல்வார். பதினொன்றாவது முறை, "எங்காவது ரயில் பிடிக்கப் போகிறீர்களா?" என்பார். அதற்கு அப்பா பதில் சொல்வதில்லை.

கடிகாரக்காரனாக இருந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். எச்எம்டி பிரெய்ல் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி மூடியைத் திறந்தால் டயலில் மேடாகப் புள்ளிகள் இருக்கும், முள்ளையும் புள்ளியையும் விரலால் தடவி மணி பார்க்கலாம். நல்ல கடிகாரம், உறுதியான முட்கள். ஆனால் அப்பாவின் விரல்கள் முப்பத்தாறு வருடம் சாவியை அழுத்தியவை. தடவுங்கள் என்றால் அழுத்துவார். மணி முள் நகர்ந்துவிடும். ஏழு முறை திருத்திக் கொடுத்தேன். எட்டாவது முறை அவரே அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்து, ஸ்டேஷன் அருகே நடைபாதையில் விற்கும் பேசும் கடிகாரம். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மணி சொல்லும். நூற்றைம்பது ரூபாய். விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா அதை அழுத்த, அம்மா திடுக்கிட்டு எழுந்து, வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று விளக்கைப் போட்டார். மறுநாள் அந்தப் பெண்மணிக்கு வீட்டில் இடமில்லாமல் போயிற்று.

2009இல், மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், ஒரு பார்சி மூதாட்டி குடையும் கைப்பையுமாகக் கடைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு கைக்குட்டை, அதற்குள் இன்னொரு கைக்குட்டை, அதற்குள் மூடி போட்ட தங்கப் பாக்கெட் கடிகாரம். அவருடைய தாத்தாவினுடையது. சுவிஸ் வேலை, டயலில் பெயரில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்ததாக இருக்கும். "முன்பெல்லாம் பேசும், திக்ரா. இப்போது இருமுகிறது" என்றார். திக்ரா என்றால் மகனே. எனக்கு அப்போதே நாற்பத்தைந்து வயதிருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் நான் திறந்த ரிபீட்டர்கள் மொத்தம் இரண்டுதான். முதலாவது, மாமா திறக்க நான் விளக்குப் பிடித்தது. நான் பேட்டரி மாற்றியும் வார் மாற்றியும் பிழைப்பவன். மாதத்தில் நான்கைந்து பழைய வெஸ்ட் எண்டோ ஃபேவர் லூபாவோ வந்தால் அது எனக்குப் பண்டிகை. எனவே இரண்டு நாள் அந்தக் கடிகாரத்தைத் தொடவே இல்லை. மூன்றாவது நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் திறந்தேன்.

இதை எப்படி விளக்குவது? பையனுக்கு விளக்கியபடியே சொல்கிறேன்.

டயலுக்கு அடியில் மூன்று நத்தைகள் இருக்கின்றன. நத்தை என்பது நாங்கள் சொல்லும் பெயர். ஓரம் படிப்படியாக இறங்கும் சிறு தகடு, நத்தை ஓடு மாதிரி. மணி நத்தையில் பன்னிரண்டு படிகள். கால்மணி நத்தையில் நான்கு. நிமிட நத்தைக்கு நான்கு கைகள், ஒவ்வொரு கையிலும் பதினான்கு படிகள். கடிகாரம் ஓடும்போது இவையும் முட்களோடு சேர்ந்து மெல்லச் சுற்றும். இடது பக்க நெம்பை நீங்கள் தள்ளும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. அடிப்பதற்கென்றே இருக்கும் தனி ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. பற்கள் கொண்ட மூன்று கைகள் அந்த நத்தைகளின் மேல் போய் விழுகின்றன. எந்தப் படியில் விழுகிறதோ அத்தனை ஆழம். ஆழத்துக்குத் தக்கபடி அத்தனை பற்கள் திரும்பி வரும்போது சுத்தியலைத் தட்டும். பார்வையற்றவர் படிக்கட்டைக் காலால் துழாவுவது போலத்தான் இயந்திரமும் நேரத்தைத் துழாவுகிறது. அதற்கும் கண் கிடையாது.

தாழ்ந்த குரலில் எத்தனை அடியோ அத்தனை மணி. டோங், டோங், டோங். பிறகு கால்மணிக்கு ஒரு ஜோடி வீதம் டிங்-டோங். கடைசியாக, மீதமுள்ள நிமிடங்கள் உயர்ந்த குரலில். டிங், டிங், டிங். பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்குப் பன்னிரண்டு டோங், மூன்று ஜோடி, பதினான்கு டிங். ஆக முப்பத்திரண்டு அடி. அதுதான் மிக நீளம். ஒரு மணிக்கு ஒரே ஒரு டோங்.

நெம்பை அரைகுறையாகத் தள்ளிவிட்டால் தவறான மணி அடித்துவிடாதா? அடிக்காது. முழுதாகத் தள்ளாவிட்டால் அடிக்கவே விடாத ஒரு பூட்டு இருக்கிறது. "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" என்று பிரெஞ்சில் அதற்குப் பெயர். பொய் சொல்வதைவிட வாய்மூடி இருப்பது மேல் என்று ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவனை எனக்குப் பிடிக்கும்.

மூதாட்டியின் கடிகாரத்தில் இருமலுக்குக் காரணம் இரண்டு. அடிக்கும் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. அதனால் அடிகள் இழுத்து இழுத்து வந்தன. மற்றது, முன்பு யாரோ திறந்தபோது கம்பியில் கை பட்டிருக்கிறது. இந்தக் கடிகாரங்களில் ஒலி எழுப்ப மணி என்று ஒன்றும் கிடையாது. இயந்திரத்தைச் சுற்றி வளைத்த எஃகுக் கம்பிகள் இரண்டு, ஒரு முனை மட்டும் பொருத்தியிருக்கும். பழங்காலத்தில் கேஸுக்குள் உண்மையிலேயே சிறு மணியை வைத்தார்கள், கடிகாரமும் மாங்காய் பருமனாக இருந்தது. 1783 வாக்கில் பிரெகே என்ற கடிகாரக்காரர் கம்பியைக் கொண்டுவந்த பிறகுதான் அது சட்டைப்பைக்குள் அடங்கிற்று.

அந்தக் கம்பிகளில் ஒன்று ஓரிடத்தில் கேஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. தம்புராவின் தந்தியில் விரலை வைத்துக்கொண்டு மீட்டினால் எப்படியோ அப்படி. சிகரெட் காகிதத்தை ஒரு துண்டு கத்தரித்துக் கம்பிக்கும் கேஸுக்கும் நடுவே செருகி நகர்த்திப் பார்த்தேன். டயலில் ஏழு என்ற எண் இருக்கும் பக்கத்தில் காகிதம் நின்றுவிட்டது. கம்பியின் நடுவில் கை வைக்கக் கூடாது. அடிக்கால் பக்கம் சாமணத்தால் ஒரு மயிரிழை. காகிதம் சுற்றி வந்தது. பிறகு சுத்தியல்: அடித்தவுடன் பின்வாங்கி நிற்க வேண்டும், கம்பியின் மேலேயே சாய்ந்திருந்தால் ஒலி செத்துவிடும்; மிக அருகில் நின்றால் ஒரு அடி இரண்டாகக் கேட்கும். இதற்கு ஒரு முழு மாலை போயிற்று. அரத்தை மட்டும் தொடவில்லை. கம்பியின் அடிக்காலில் அராவினால் சுருதி இறங்கும், நுனியைக் குறைத்தால் ஏறும். அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய் வைத்து, மூடி, நெம்பைத் தள்ளினேன். மாடிப்படிக்கு அடியில் அந்த ஒலியைக் கேட்டபோது மேலே ஏறிக்கொண்டிருந்த யாரோ நின்றார்கள். காலடி நின்றது எனக்குத் தெரிந்தது.

பழுது பார்த்த கடிகாரத்தைச் சில நாள் ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். வேலைக்கு வந்த பொருள் இரவில் கடையை விட்டு வெளியே போகாது என்பதும் மாமா காலத்து வழக்கம். மூதாட்டிக்குத் தொலைபேசியில் சொன்னேன்: என் தகப்பனாருக்குக் கண் தெரியாது, ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமா? சற்று யோசித்துவிட்டு, "அவர் ஏதாவது குறை சொன்னால் எனக்கும் சொல்" என்றார்.

கைக்குட்டையில் சுற்றி, பனியனுக்குள் போட்டுக்கொண்டு ஹார்பர் லைன் மின்சார ரயிலில் ஏறினேன். அன்றைக்குப் பார்த்து சிஎஸ்டியிலிருந்து ஜிடிபி நகர் வரை ஒருவரும் என்னை இடிக்காமல் இல்லை.

அப்பா கையில் வைத்தேன். எடை பார்த்தார். நெம்பு எங்கே என்று காட்டினேன். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: ஒன்பது டோங், இரண்டு ஜோடி, பத்து டிங்.

"ஒன்பது" என்றார். "அப்புறம் ஏன் இரண்டு தடவை ஏ அடிக்கிறான்?"

மோர்ஸில் ஏ என்பது ஒரு குறில், ஒரு நெடில். இரட்டை அடியைக் கேட்டதும் காது அங்கே போய்விட்டது. விளக்கினேன். இன்னொரு முறை தள்ளச் சொல்லவில்லை. "ஒன்பது நாற்பது" என்றார்.

அன்று இரவு அவர் தூங்கியதாகத் தெரியவில்லை. போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை. அந்த ஒலி யாரையும் எழுப்புவதற்கானது இல்லை. தேவைப்பட்டவருக்கு மட்டும் சொல்லிவிட்டு அடங்கும். இதுவே இதன் பிறப்புக் காரணம். தீப்பெட்டி இல்லாத காலம். நடு இரவில் மணி பார்க்கச் சிக்கிமுக்கியைத் தட்டி மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். 1687இல் இங்கிலாந்தில் எட்வர்டு பார்லோ என்ற பாதிரியாருக்கும் டேனியல் க்வேர் என்ற கடிகாரக்காரருக்கும், இதைக் கண்டுபிடித்தது யார் என்று வழக்கு. அரசர் இரண்டாம் ஜேம்ஸ் முன்னிலையில் இரண்டு கடிகாரங்களும் வைக்கப்பட்டன. பார்லோவினுடையதில் மணிக்கு ஒரு பொத்தான், கால்மணிக்கு ஒரு பொத்தான். க்வேரினுடையதில் ஒரே அழுத்தில் இரண்டும். அரசர் க்வேரின் பக்கம் நின்றார். எது இனிமையாக ஒலித்தது என்பது வழக்கே அல்ல. இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு கையாள எது எளிது என்பதுதான் தீர்ப்பு.

மூன்றாம் நாள் அப்பா ஒரு சங்கதி சொன்னார். இத்தனை வருடம் தொழிலில் இருந்த எனக்கு அது தோன்றியதில்லை.

"ஏழு எட்டுக்கு அடிக்கச் சொன்னேன், தம்பி. ஏழு அடித்தான். பிறகு சும்மா இருந்தான். பிறகு எட்டு அடித்தான். அந்தச் சும்மா இருந்தது எதற்கு?"

கால்மணி தாண்டாத நேரத்தில் ஜோடி அடி கிடையாது. ஆனால் கால்மணிக்குரிய பல்வரிசை தன் முறைக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும், தட்டுவதற்குப் பற்கள் இல்லாவிட்டாலும். அந்த நேரம் வெறுமையாகக் கழிகிறது. இதைக் குறை என்று கருதி, அந்த இடைவெளியே இல்லாமல் செய்யும் புதிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன. நானும் குறை என்றே அப்பாவிடம் சொன்னேன்.

"குறையா? அது எழுத்தல்லவா" என்றார் அப்பா.

பிறகு பாடம் நடத்தினார். தந்தியில் ஒரு நெடில் மூன்று குறில் நீளம். ஒரே எழுத்துக்குள் இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு குறில் இடைவெளி. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. புதிதாகச் சேர்ந்தவன் தட்டுவதை நன்றாகத் தட்டுவான், இடைவெளியில்தான் மாட்டிக்கொள்வான். அவனுடைய செய்தியில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். "சத்தத்தை எவனும் போடுவான். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருப்பவன்தான் நல்ல கை. உன் கடிகாரம் நல்ல கை. கால்மணி இல்லை என்பதை இல்லாமலே சொல்லிவிடுகிறான்."

ஒலி எப்படி இருக்கிறது, இனிமையாக இருக்கிறதா என்று கேட்டேன். அதை யோசிக்கவே இல்லை என்றார்.

அதைவிடப் பெரிய குட்டு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. காலை எட்டு மணிக்கு ஆகாசவாணி இந்திச் செய்தி தொடங்கும் நேரத்தில் அப்பா நெம்பைத் தள்ளியிருக்கிறார். எட்டு டோங், மூன்று ஜோடி, பதினான்கு டிங். எட்டு ஐம்பத்தொன்பது! ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி தள்ளினால் எட்டு மணி ஒரு நிமிடம். "உன் கடிகாரம் எட்டு மணிக்கு மட்டும் பொய் சொல்கிறது" என்று என்னைக் குளியலறையிலிருந்து கூப்பிட்டார்.

நான் நம்பவில்லை. ஒன்பது மணி வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒன்பதுக்கு, ஒன்பது ஐம்பத்தொன்பது என்றது.

மணி மாறும் அந்த ஒரு கணம்தான் இந்த இயந்திரத்துக்குக் கண்டம். மணி நத்தை அடுத்த படிக்குத் தாவிவிட்டது. நிமிட நத்தையோ இன்னும் ஆழமான கடைசிப் படியின் விளிம்பில் நிற்கிறது. பல்வரிசை அந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஒரு மணி நேரம் காணாமல் போகும். இதைத் தடுக்க நிமிட நத்தைக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. மணி தாவும் கணத்தில் அது முன்னால் குதித்துப் பள்ளத்தை மூடிக்கொள்ளும். அதற்குப் பெயர் சர்ப்ரைஸ். என் கழுவலில் தப்பிய பழைய எண்ணெய்ப் பிசின் அந்தத் தகட்டைப் பிடித்து வைத்திருந்தது. நான் நெம்பைத் தள்ளிச் சோதித்ததெல்லாம் பத்து இருபத்து மூன்று, நான்கு ஐம்பது என்று கண்ட நேரத்தில். மிகச் சரியாக மணியில் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. கண் தெரிந்தவனுக்கு மணியடிக்கும்போது மணி பார்க்கத் தோன்றாது. அப்பாவுக்கு வானொலிச் செய்தியைத் தவிர ஒப்பிட்டுப் பார்க்க வேறென்ன இருந்தது?

திங்கள் காலை மீண்டும் பிரித்தேன். பிசின் ஒரு கடுகில் கால்பங்கு இருக்காது.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மூதாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். அவருடைய தாத்தா எந்தச் சந்திப்புக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பாராம். கூலியாக நான் சொன்னதைவிட அதிகம் கொடுத்து, "உன் தகப்பனாருக்கு" என்றார். அப்பா அந்தப் பணத்தில் வானொலிக்குப் புது பேட்டரி வாங்கச் சொன்னார். கடிகாரம் போனதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்குப்பின் அம்மா மணி கேட்டால் நாற்காலிக் கைப்பிடியில் விரல் மூட்டால் தட்டிக் காட்டுவார், கால்மணி ஜோடியோடு. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் சரியாக இருக்கும். எப்படி என்று கேட்டால், கீழே போகும் பள்ளிப் பிள்ளைகள், குக்கர் விசில், ஹார்பர் லைன் வண்டி என்று பட்டியல் போடுவார்.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ராஜாபாய் மணிக்கூண்டுக் கோபுரத்தைப் பற்றியும் அவர் அடிக்கடி சொல்வார். தந்தி அலுவலகத்திலிருந்து பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம்தான். மாலை ஷிப்டில் கால்மணிக்கொரு முறை அதன் ஒலி வருமாம். 1878இல் கட்டி முடித்த 85 மீட்டர் கோபுரம். வரைந்தவர் லண்டனிலிருந்த கில்பர்ட் ஸ்காட். பம்பாய்க்கு வந்ததே இல்லை. பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்த பிரேம்சந்த் ராய்சந்த் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்துத் தன் தாயார் பெயரை வைக்கச் சொன்னார். அந்த அம்மாளுக்குக் கண் தெரியாது, சமண வழக்கப்படி பொழுது சாயுமுன் சாப்பிட வேண்டும், யாரையும் கேட்காமல் நேரம் தெரிந்துகொள்ளவே கோபுரம் என்று ஊரில் சொல்வார்கள். அப்பா பார்வையோடு இருந்த காலத்தில் இந்தக் கதையை நம்பியதில்லை. "அந்த வீட்டில் மணி சொல்ல ஆளா இல்லை?" என்பார். பிற்காலத்தில் நானே இதை எடுத்தபோது, "ஆள் இருப்பார்கள். கேட்க வேண்டுமே" என்றார்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேனா? கால்வாசி சொன்னேன். அவன் கைப்பேசியை இரண்டு முறை பார்த்தான். நடுவில், அடித்துக்கொண்டிருக்கும்போதே முள்ளைத் திருப்பப் போனான், கையைத் தட்டிவிட்டேன். பற்கள் நத்தைமேல் கிடக்கும்போது முள்ளைத் திருகினால் உடைவது பல்லாகவும் இருக்கலாம், நத்தையாகவும் இருக்கலாம், செலவு எப்படியும் லட்சத்தில். 2019இல் ஜெனீவா ஏலத்தில் பட்டெக் ஃபிலிப் கம்பெனியின் கிராண்ட்மாஸ்டர் சைம் கடிகாரம் ஒன்று 3 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனதை அவன்தான் எனக்குச் சொன்னான். அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு ரிபீட்டரையும் வெளியே அனுப்புமுன் முதலாளியே காதால் கேட்டுச் சம்மதம் சொல்வாராம். நல்ல வழக்கம். ஒலியோடு அடியின் நடையையும் கேட்கிறார் என்பதால் எனக்கு அவரோடு சண்டையில்லை. ஆனால் மணி மாறும் கணத்தில் அதைத் தள்ளிப் பார்க்க ஒரு தந்திக்காரரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

"சரி, இப்போது கேள்" என்று சொல்லிவிட்டு எழுந்து, தலையைக் குனிந்தபடியே ஷட்டரை முழுதாக இறக்கினேன். மேசை விளக்கை அணைத்தேன். நான்கடிக்கு ஆறடி இடம் கும்மிருட்டாயிற்று. பையன் "சித்தப்பா?" என்றான்.

"நெம்பைத் தள்ளு. எண்ணு."

தள்ளினான். அடித்து ஓய்ந்தது. நீண்ட மௌனம்.

"ஐந்து எட்டு?"

ஜோடியை ஒரு நிமிடமாக எண்ணிவிட்டான். "ஜோடி வந்ததே, அது என்ன?"

"கால்மணி."

"அப்படியென்றால்?"

இருட்டில் விரல் விட்டு எண்ணுகிறான் என்பது மூச்சிலேயே தெரிந்தது. மறுபடி தள்ளட்டுமா என்றான். கூடாது என்றேன், ஒரு முறை கேட்டதிலிருந்தே சொல். ஐந்து, ஒரு ஜோடி, ஏழு என்று முணுமுணுத்தான். பதினைந்தும் ஏழும் என்றான். பங்குச் சந்தையில் இருப்பவனுக்குக் கூட்டல் இத்தனை நேரமா?

"ஐந்து இருபத்திரண்டு!"

விளக்கைப் போட்டேன். அதற்குள் ஐந்து இருபத்து நான்கு ஆகியிருந்தது.